தப்பிய புள்ளி

இன்று காலை ஐந்தேகால் மணிக்கு வாசலில் 37 புள்ளி வைத்தேன். நடுவரிசையில் ஏழு, அதற்கு மேலும் கீழும் ஆறு, ஐந்து, நாலு என்று இறங்குகிற கணக்கு. ‘7 புள்ளி, 4-ல் நிறுத்து, இடுக்குப் புள்ளி’ என்று கோல நோட்டில் எழுதியிருக்கும். எனக்கு எழுபத்து மூன்று வயதாகிறது. குனிந்தால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. அதனால் ஒரு சின்ன முக்காலியைச் சுற்றிச் சுற்றி நகர்த்தி உட்கார்ந்துதான் போடுகிறேன். இருபது நிமிடம் ஆகும். பால்காரர் சைக்கிள் மணி கேட்பதற்குள் முடிந்துவிடும்.

இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் என் பேத்தி. சென்னையில் கட்டடக் கலை படிக்கிறாள். போன கோடை விடுமுறைக்கு வந்தவள் இரண்டு நாள் உம்மென்று இருந்தாள். மூன்றாம் நாள் ராத்திரி, பாயில் பக்கத்தில் படுத்துக்கொண்டு சொன்னாள்:

“எனக்கு ஒண்ணுமே தோண மாட்டேங்குது அம்மாச்சி. கூடப் படிக்கிறவங்களுக்கெல்லாம் புதுசு புதுசா வருது. எனக்கு வெறும் பேப்பரப் பாத்தாலே பயமா இருக்கு.”

இந்தப் பேச்சு எனக்குப் புதிதில்லை. 1976-லிருந்து 2010 வரை முப்பத்து நாலு வருஷம் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்தவள் நான். ‘கட்டுரை எழுது’ என்றதும் பேனாவைக் கடித்துக்கொண்டு ஓட்டைப் பார்க்கிற பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும் இருப்பார்கள். அவர்களுக்குக் கற்பனை இல்லை என்று நான் ஒருநாளும் நம்பியதில்லை. கற்பனை என்பது சிலருக்கு மட்டும் பிறக்கும்போதே அமைந்துவிடுகிறது என்று யாரோ அவர்களை நம்பவைத்திருப்பார்கள். அந்த நம்பிக்கைதான் கையைக் கட்டிப்போடுகிறது.

“நாளைக்கு வெள்ளன எந்திரி. வாசல்ல வந்து நில்லு. பெறகு பேசுவோம்” என்றேன்.

எங்கள் ஊர் மதுரைப் பக்கம் வண்டியூர். வண்டியூர் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு மாரியம்மன் தெப்பக்குளம்தான் ஞாபகம் வரும். திருமலை நாயக்கர் 1645-ல் வெட்டிய அந்தக் குளம் வைகைக்குத் தெற்கே இருக்கிறது. எங்கள் ஊர் ஆற்றுக்கு வடக்கே. நான் சிறுமியாக இருந்தபோது கண்மாய்ப் பாசனத்தில் நெல் விளைந்த ஊர். வீட்டுக்கு வீடு மாடு. விடியும் முன்னே தெருவில் முதலில் கேட்கிற சத்தம் வாசலில் சாணித் தண்ணீர் விழுகிற சத்தம்தான். அந்தச் சத்தம் ஒரு வீட்டில் கேட்டால் அடுத்த வீட்டில் படுத்திருக்க முடியாது. அலாரம் இல்லாத காலத்தில் ஒரு தெரு முழுக்க இப்படித்தான் எழுந்தது. பழக்கம் என்பதைத் தனி ஆளின் வைராக்கியம் என்று இப்போது நினைக்கிறார்கள். எங்களுக்கு அது தெருவோடு சேர்ந்து வந்தது.

1963 மார்கழி. எனக்குப் பதினோரு வயது. அதுவரை திண்ணையோரம் சின்னதாகப் போட்டுப் பழகத்தான் விட்டிருந்தார்கள். அந்த வருஷம்தான் நடுவாசல் கிடைத்தது. அப்பத்தா அரிக்கேன் விளக்கைப் பிடித்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். நான் 15 புள்ளி, 8-ல் நிறுத்து என்று பெரிய கோலமாக எடுத்துக்கொண்டேன். நடுவரிசையில் 15. மேலே ஏழு வரிசை, கீழே ஏழு வரிசை. ஒவ்வொரு வரிசைக்கும் ஒன்று குறைந்து எட்டில் நிற்க வேண்டும். மொத்தம் 169 புள்ளி. இந்தக் கூட்டுத்தொகையை நான் காகிதத்தில் போட்டுப் பார்த்தது பல வருஷம் கழித்து. அப்பத்தாவுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கவும் தெரியாது. ஆனால் ஒரு புள்ளி குறைந்தால் திண்ணையிலிருந்தே சொல்லிவிடுவார்.

அன்று குறைந்தது. மேல் பக்கம் பன்னிரண்டு இருக்க வேண்டிய வரிசையில் பதினொன்றுதான் வைத்திருந்தேன். வலது ஓரத்தில் ஒரு பல் விழுந்த மாதிரி பள்ளம். அதைக் கவனித்தபோது பாதிக் கோலம் இழுத்தாகிவிட்டது. அந்த இடத்தில் ஏற்கெனவே ஒரு கோடு ஓடிவிட்டதால் புதுப் புள்ளி வைக்க இடமில்லை. எதிர்வீட்டு அக்கா முடித்துவிட்டுச் சாணிப் பிள்ளையாரில் பூசணிப்பூ குத்திக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை முட்டியது. காலால் தேய்த்துவிட்டு உள்ளே ஓடிவிடலாம் என்று காலைத் தூக்கினேன்.

“காலை எடு தாயி. தப்புனது ஒண்ணுன்னாத்தான் தப்பு. நாலா ஆக்கிப்புட்டா அதுவும் ஒரு கோலந்தான்.”

அப்பத்தா இறங்கி வந்தார். விரல் நுனியை நனைத்து, அதே வரிசையின் இடது கடைசிப் புள்ளியை ஒற்றி எடுத்தார். பிறகு கீழ்ப்பக்கம் பன்னிரண்டு புள்ளி வரிசைக்குப் போய் அதன் இரண்டு ஓரத்தையும் எடுத்தார். இப்போது நாலு பக்கமும் ஒரே மாதிரி பள்ளம். ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு சின்ன அகல்விளக்கு வரைந்தார். நான் மிச்சத்தை இழுத்து முடித்தேன். விடிந்ததும் தெருவில் போன இரண்டு பேர் நின்று, “இது எந்த ஊர்க் கோலம்?” என்று கேட்டார்கள். “வண்டியூர்க் கோலம்” என்றார் அப்பத்தா. அந்த மார்கழி முடிவதற்குள் எங்கள் தெருவில் மூன்று வாசலில் அந்த நாலு விளக்குக் கோலத்தைப் பார்த்தேன்.

இதை நான் வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன். சொல்லும்போதெல்லாம் எனக்கே புதிதாக ஒன்று படும். அப்பத்தா அந்த வழியைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் எடுத்தார்? நான் காலைத் தூக்கி இறக்குகிற நேரம்தான். அந்த ஒரு நொடி அவருக்குச் சும்மா வரவில்லை. ஐம்பது வருஷமாக ஒருநாள் விடாமல் வாசலில் குனிந்த முதுகு அது. எத்தனை நூறு முறை புள்ளி தப்பியிருக்கும், எத்தனை முறை இழை முட்டியிருக்கும், எத்தனை முறை மாவு தீர்ந்திருக்கும்! அத்தனைக்கும் கை ஒரு வழி பார்த்து வைத்திருந்தது. பொங்கலுக்குப் பொங்கல் மட்டும் கோலம் போடுகிறவருக்கு அந்த வழி தெரிந்திருக்காது. ஒரு புள்ளி தப்பினால் அவர் அழித்துவிட்டு முதலிலிருந்து போடுவார், அல்லது என்னைப் போல அழுவார்.

பேத்தி முதல் நாள் காலையில் வாசலில் நின்றபோது நான் அவளுக்குக் கற்றுக்கொடுத்தது கோலம் இல்லை. மாவு விடுவது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மாவை எடுத்து, இரண்டையும் லேசாகத் தேய்த்தால் கம்பி மாதிரி விழ வேண்டும். அழுத்தினால் கட்டியாக விழும், தளர்த்தினால் பரந்துவிடும். ஒரு வாரம் அவளுக்குக் கோடு நடுங்கியது. “டிசைன் எதுவும் யோசிக்காத, மூணு புள்ளி போதும்” என்று சொல்லிவிட்டேன். இன்னொன்றும் சொன்னேன்: முதல் மாதம் கோலத்தைப் போட்டோ எடுக்கக் கூடாது. அவளுக்கு அது கஷ்டமாக இருந்தது. எடுத்தால் நாலு பேருக்கு அனுப்பத் தோன்றும், அனுப்பினால் அவர்கள் சொல்வதற்காக மறுநாள் போடத் தோன்றும். பழகுகிற கைக்கு அது ஆகாது.

கோலத்தில் எனக்குப் பிடித்தது அது அழிகிறது என்பதுதான். ஏழு மணிக்கு எறும்பு வந்துவிடும். அரிசி மாவு அதற்காகத்தான். கோலத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த விஜயா நாகராஜன், ஆயிரம் உயிர்களுக்கு உணவிடுதல் என்று பொருள் வருகிற தலைப்பிலேயே 2018-ல் ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் கொண்டுவந்தார். எறும்புக்குப் பின்னால் சைக்கிள், ஆடு, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளின் கால். பத்து மணிக்கு வாசலில் வெள்ளைத் தடம் மட்டும் இருக்கும். மறுநாள் விடியலில் தண்ணீர் பட்டதும் அதுவும் போய்விடும். நேற்று நன்றாக வந்த கோலமும் போச்சு, கோணலாக வந்த கோலமும் போச்சு. நன்றாக வந்தது போனதே என்று எங்கள் தெருவில் யாரும் வருந்தி நான் பார்த்ததில்லை. கோணலாக வந்தது போனதே என்று நிம்மதிப்பட்டவர்கள் உண்டு.

என் பேத்திக்குக் காகிதத்தின் மேல் இருந்த பயம் இங்கேதான் இருக்கிறது என்று எனக்குப் பட்டது. காகிதம் வைத்துக்கொள்ளும். கம்ப்யூட்டர் இன்னும் கெட்டியாக வைத்துக்கொள்ளும். போட்ட கோடு நாளைக்கும் இருக்கும், ஆசிரியர் பார்ப்பார், கூடப் படிக்கிறவர்கள் பார்ப்பார்கள் என்றால் கை எப்படி ஓடும்? கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதை ராமானுஜன் காகிதம் வாங்க வசதியில்லாமல் சிலேட்டில் போட்டுப் பார்ப்பார், முழங்கையாலேயே அழிப்பார், முடிவை மட்டும் நோட்டில் எழுதுவார். வறுமையால் வந்த பழக்கம் அது, அதைப் புகழக் கூடாது. ஆனால் அழிக்கலாம் என்று தெரிந்த கை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அந்த நோட்டுகள் சாட்சி.

புள்ளிக்கு வருகிறேன். சுதந்திரமாக, மனம் போல வரையவிட்டால்தான் கற்பனை வளரும் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. வெறும் தரையைக் காட்டி ‘எதையாவது போடு’ என்றால் பழகாத கை மிரளும். ஏழு புள்ளி வைத்துவிட்டால் மிரளாது. எங்கே போகக் கூடாது என்று புள்ளி சொல்லிவிடுகிறது, மீதி உன் இஷ்டம். சிக்குக் கோலத்தில் கட்டு இன்னும் இறுக்கம்: கோடு புள்ளியைத் தொடக் கூடாது, ஒவ்வொரு புள்ளியையும் சுற்றி வர வேண்டும், தொடங்கின இடத்தில் வந்து முடிய வேண்டும். இத்தனை கட்டுக்குள்ளும் ஒரே புள்ளிக் கணக்குக்கு ஒரு தெருவில் பத்து விதமான கோலம் வந்துவிடும்.

இருதய கமலம் என்று ஒரு கோலம் உண்டு. நடுவிலிருந்து எட்டுத் திசைக்கும் ஐந்தைந்து புள்ளி. அம்மா எனக்கு அதை ஒரு வெள்ளிக்கிழமை சொல்லிக்கொடுத்தார். ஒரு திசையில் முதல் புள்ளியில் தொடங்கினால், அடுத்த திசையில் நாலாம் புள்ளி, அதற்கடுத்து இரண்டு, ஐந்து, மூன்று, மறுபடி ஒன்று. இழை அறாமல் சுற்றிக்கொண்டே போனால் 40 புள்ளியையும் தொட்டுவிட்டுப் புறப்பட்ட புள்ளிக்கே கோடு வந்து சேரும். எனக்கு அப்போது மாயம் மாதிரி இருந்தது. எட்டுக்கும் ஐந்துக்கும் ஒன்றைத் தவிரப் பொது வகுத்தி கிடையாது, அதனால்தான் ஒரு புள்ளிகூட விடுபடாமல் கோடு சுற்றிவருகிறது என்று பிற்பாடு எங்கள் பள்ளிக் கணக்கு ஆசிரியர் விளக்கினார். திசை பத்தாக இருந்தால் கோடு பாதியிலேயே மூடிக்கொள்ளும். இதை யார் முதலில் கண்டுபிடித்தார்களோ, அவர்கள் எந்த வாசலில் எத்தனை விடியற்காலை வெவ்வேறு கணக்கில் போட்டுப் பார்த்தார்களோ! அந்தப் பெண்ணின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை.

கணக்கு உலகமும் இதைக் கவனித்திருக்கிறது. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் இருந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் கோலத்தை வைத்து 1974-ல் ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார்கள். மொழிக்கு இலக்கணம் இருப்பதைப் போலப் படங்களுக்கும் இலக்கணம் எழுத முடியுமா என்று கணினி அறிவியல் தேடிக்கொண்டிருந்த காலம். சின்னக் கோலம் எந்த விதியால் பெரிய கோலமாக வளர்கிறது என்பது அவர்களுக்கு நல்ல பாடமாகக் கிடைத்தது. எங்கள் வாசலில் அந்த விதிக்கு ‘இன்னும் ரெண்டு புள்ளி கூட்டிக்க’ என்று பேர்.

அழகை மட்டும் பேசினால் உண்மை பாதியாகிவிடும். இந்தப் பழக்கம் பெண்களுக்கு விருப்பப்பட்டு வந்தது இல்லை. விதிக்கப்பட்டது. காய்ச்சலிலும் எழ வேண்டும், பிள்ளை அழுதாலும் வாசல் தெளிக்க வேண்டும். விதித்த அதே கை ஒருநாள் தடுக்கவும் செய்யும்.

1971-ல் அப்பா தவறிப்போனார். காரியம் முடிந்ததும் சொந்தக்காரர்கள் சிலர் திண்ணையில் உட்கார்ந்து, இனிமேல் அம்மா வாசலில் கோலம் போடக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அம்மா பதில் பேசவில்லை. எனக்குப் பத்தொன்பது வயது. வாசலை நான் எடுத்துக்கொண்டேன். ஒரு மாதம் போயிருக்கும். ஒருநாள் விடியலில் தண்ணீர் எடுக்கக் கொல்லைப்பக்கம் போனேன். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், முருங்கை மரத்தடியில், அம்மா குனிந்திருந்தார். கையில் மாவுக் கிண்ணம் இல்லை. அடுப்புச் சாம்பலைச் சலித்துக் கொட்டாங்கச்சியில் வைத்திருந்தார். ஒன்பது புள்ளி அகலத்தில் ஒரு சிக்குக் கோலம், ஒரே இழை. என்னைப் பார்த்ததும் காலால் அழிக்கப் போனார். “இருக்கட்டும்மா” என்று சொன்னேன். அதற்குமேல் என்னால் பேச முடியவில்லை.

காரியம் முடிந்த மறுநாளிலிருந்தே அங்கே போட்டுவந்திருக்கிறார். யாரும் பார்க்காத இடம், பத்து நிமிடத்தில் துணி துவைக்கிற தண்ணீர் வந்து அடித்துப்போய்விடும். என் வாழ்நாளில் நான் பார்த்த அம்மாவின் கோலங்களில் மிக நுணுக்கமானவை அந்தச் சாம்பல் கோலங்கள்தான். தினமும் அதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து வாசலில் நான் போடுவேன். தெருவில் எல்லாரும் என் கோலத்தைப் புகழ்ந்தார்கள். 1976-ல் எனக்கு ஆசிரியர் வேலைக்கு உத்தரவு வந்த அன்று விடியற்காலையில், மாவுக் கிண்ணத்தை அம்மா கையில் கொடுத்து வாசலுக்குக் கூட்டிவந்தேன். இரண்டு வீட்டில் முணுமுணுத்தார்கள். அம்மா போட்டார். 1998-ல் அவர் இறக்கும்வரை எங்கள் வாசல் அவருடையதாகத்தான் இருந்தது. கணவனை இழந்தவள் கையில் மாவு இருக்கக் கூடாது என்ற வழக்கம் கொடுமை. அதை இன்றும் எங்காவது சொல்கிறவர்கள் இருந்தால் காதில் வாங்கிக்கொள்ள வேண்டாம்.

துக்கம் நெஞ்சை அடைத்திருந்த நாளில் அம்மாவை எழுப்பி நிறுத்தியது எது என்று நான் ரொம்பக் காலம் யோசித்திருக்கிறேன். மனசு சொல்லிக் கை செய்தது என்று எனக்குத் தோன்றவில்லை. நாலரை மணிக்குக் கை எழுந்துவிட்டது. மனசு அதன் பின்னால் போயிருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் இதை வேறு விதமாகச் செய்துபார்த்தேன். தெப்பக்குளத்துப் பக்கம் இருந்த பள்ளி. முதல் பாடவேளையில் வருகைப்பதிவு எடுத்ததும், தினமும் ஒரு பிள்ளை கரும்பலகைக்கு வந்து, அன்று வருகிற வழியில் பார்த்த ஒன்றை ஒரே வாக்கியத்தில் எழுத வேண்டும். வாசித்துவிட்டு அழித்துவிடுவேன். மதிப்பெண் கிடையாது, திருத்தமும் கிடையாது. முதல் மாதம் எல்லாரும் ‘பஸ் பார்த்தேன்’, ‘மரம் பார்த்தேன்’ என்றுதான் எழுதினார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. தன் முறை நாளைக்கு என்று தெரிந்த பிள்ளை இன்றே பார்க்கத் தொடங்கிவிடும் என்று எனக்குத் தெரியும்.

மூன்றாம் மாதம் ஒரு பையன் எழுதினான்: தெப்பக்குளத்துல தண்ணி இல்லாததால சாமி மண்டபம் வரைக்கும் பந்து பொறுக்கப் போகலாம். அப்போது குளம் வறண்டு கிடந்தது. பையன்கள் உள்ளே இறங்கிக் கிரிக்கெட் ஆடுவார்கள். தைப்பூசத்துக்குத் தண்ணீரில் தெப்பம் சுற்றிவர வேண்டிய மைய மண்டபத்துக்குப் பந்து பொறுக்க நடந்துபோகிறான் ஒரு பையன். அந்த வறட்சியைப் பற்றி அதைவிட நல்ல வாக்கியத்தை நான் படிக்கவில்லை. இன்னொரு பெண் எழுதினாள்: பூக்கட்டுற பாட்டி கால் பெருவிரல்ல நூலை மாட்டிக்கிட்டு எங்களைப் பாத்துக்கிட்டே கட்டுறாங்க, பூவப் பாக்கல. அவள் பிற்பாடு நிறைய எழுதினாள்.

மேற்பார்வைக்கு வந்த ஒருவர், இது எந்தப் பாடத்திட்டத்தில் வருகிறது என்று கேட்டு நிறுத்தச் சொன்னார். இரண்டு வாரம் நிறுத்தினேன். பிள்ளைகளே வந்து, “டீச்சர், எழுதலயா?” என்று கேட்டார்கள். திரும்பத் தொடங்கிவிட்டேன்.

கைப்பழக்கத்தைப் பற்றிப் பக்கத்து ஊர்க்கதை ஒன்று. மதுரையில் சௌராஷ்டிரப் பெண்கள் சுங்குடிப் புடவைக்கு முடிச்சுப் போடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? 2005-ல் புவிசார் குறியீடு பெற்ற புடவை அது. துணியை நகத்தால் கிள்ளி நூலால் சுற்றி முடிய வேண்டும். ஒரு புடவைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு விழும். சாயத்தில் நனைத்து முடிச்சைப் பிரித்தால் ஒவ்வொன்றும் ஒரு வெள்ளைப் புள்ளி. அம்மாவின் சிநேகிதி ஒருவர் எங்களோடு பேசிக்கொண்டே மடியில் முடிச்சுப் போடுவார். பேச்சு எங்கெங்கோ போகும், புள்ளி வரிசை மாறாது. ஒருநாள் அவரிடம், “எப்படி அத்தை எண்ணுறீங்க?” என்று கேட்டேன். “எண்ணுனா தப்பிரும்” என்றார்.

சித்திரையில் அழகர் வருவார். பௌர்ணமியன்று ஆற்றில் இறங்கிவிட்டு ராத்திரி வண்டியூர் வீரராகவப் பெருமாள் கோயிலுக்கு வந்து சேர்வார். மறுநாள் தேனூர் மண்டபத்தில் மண்டூக மகரிஷிக்கு மோட்சம் கொடுப்பார். அந்த ஒருநாள் எங்கள் ஊர்த் தெருக்களில் போடுகிற கோலம் வருஷத்தில் வேறு எந்த நாளும் இல்லை. வீட்டு வாசல் என்று தனியாக இருக்காது. எதிர்வீட்டுக் கோலத்தோடு இந்த வீட்டுக் கோலம் நடுத்தெருவில் போய்க் கைகோக்கும். யாரும் திட்டம் போடுவதில்லை. ஒருத்தர் புள்ளியை நீட்டுவார், இன்னொருத்தர் வந்து வாங்கிக்கொள்வார். அழகர் மேல் தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள் வந்ததும் பாதி கரைந்துவிடும்.

அப்படி ஒரு கோலம் வருஷம் பூரா சும்மா இருந்துவிட்டு அன்றைக்கு மட்டும் குனிந்தால் வராது. இப்போது நடக்கிற கோலப் போட்டிகளைப் பார்க்கிறேன். வண்ணப்பொடி மூட்டை மூட்டையாக வருகிறது, பெரிய பெரிய மயில் வருகிறது. பிள்ளைகள் உற்சாகமாக வருவது நல்லதுதான். ஆனால் பரிசு வாங்கின வீட்டு வாசலில் மறுநாள் ஸ்டிக்கர் கோலம் ஒட்டியிருந்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. ஒருநாள் பெரிதாகச் செய்வதைவிடத் தினமும் சிறிதாகச் செய்வது பெரிய காரியம். இதை நான் வயதானவள் என்பதற்காகச் சொல்லவில்லை. இரண்டையும் பக்கத்தில் இருந்து பார்த்தவள் என்பதால் சொல்கிறேன்.

அந்த முதல் காலையிலிருந்து பேத்தி முப்பத்தொரு நாள் இருந்தாள். இருபத்தைந்து நாள் வாசலுக்கு வந்தாள், ஆறு நாள் தூங்கிவிட்டாள். தூங்கின நாளைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. விட்டுப்போன நாளுக்காக மறுநாள் இரண்டு கோலம் போடப் போனாள், அதைத் தடுத்தேன். பழக்கத்துக்குக் கடன் கிடையாது. இரவே மாவுக் கிண்ணத்தை நிரப்பி மாடத்தில் வைத்துவிடு என்று மட்டும் சொன்னேன். விடியலில் மாவு டப்பாவைத் தேடத் தொடங்கினால் தூக்கம் ஜெயித்துவிடும். எழுதுகிறவருக்கு நோட்டும் பேனாவும், பாடுகிறவருக்குச் சுருதிப்பெட்டியும் இதே மாதிரி கைக்கெட்டுகிற இடத்தில் ராத்திரியே இருக்க வேண்டும்.

இருபதாவது நாளோ என்னவோ, ஐந்து புள்ளிக் கோலத்தில் கோடு முட்டி நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் பால் வாங்குகிற சாக்கில் தெருமுனைக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது அந்த முட்டின இடத்தில் ஒரு சுழி போட்டு, அதே சுழியை மற்ற மூன்று மூலையிலும் போட்டுக்கொண்டிருந்தாள். அப்பத்தா கதையை அவளிடம் நான் அதுவரை சொல்லியிருக்கவில்லை.

அவள் இருக்கிற சென்னை வீடு ஐந்தாவது மாடி. வாசல் என்று சொல்ல இரண்டு டைல்ஸ் அகலம்தான், அதிலும் செருப்பு ஸ்டாண்டு. போகும்போது புதுமண்டபத்துப் பக்கம் ஒரு சிலேட்டும் குச்சியும் வாங்கிக் கொடுத்தேன். காலையில் அரைமணி நேரம் அதில் என்ன வேண்டுமானாலும் போடுகிறாள், அழித்துவிடுகிறாள். படிப்பில் எப்படி இருக்கிறது என்று நான் கேட்பதில்லை. போன வாரம் அவளாகவே போனில், “அம்மாச்சி, சிலேட்டுக் குச்சி தீந்துருச்சு, அங்க கிடைச்சா ஒரு டப்பா அனுப்புங்க” என்றாள். அனுப்பிவிட்டேன்.

இதைப் படிக்கிறவர்கள் மார்கழியில் மதுரைக்கு வந்தால், ஆற்றைத் தாண்டி எங்கள் ஊர்ப்பக்கமும் ஒருநாள் வாருங்கள். ஆறு மணிக்கு முன்னால் வந்துவிடுங்கள். பத்து மணிக்கு வந்தால் பார்க்க ஒன்றும் இருக்காது.